அங்கணம் அடைபடும்போது

வீடு கட்டும்போது நாம் எவற்றையெல்லாம் ஆராய்கிறோம்! வாசற்கால் எந்த மரத்தில் அமைய வேண்டும், தரைக்கு எந்தக் கல் பதிக்க வேண்டும், சுவருக்கு எந்த வண்ணம் பூச வேண்டும் என்று குடும்பம் முழுவதும் கூடிப் பேசுகிறது. ஆனால் சமையலறையில் கழுவி ஊற்றும் நீர் எந்த வழியாகச் சென்று, எத்தனை வளைவுகளைக் கடந்து, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால், பெரும்பாலான இல்லங்களில் விடை சொல்ல ஆளில்லை. அது ஒழுங்காக ஓடும் வரை அதைப் பற்றிய நினைவே நமக்கு எழுவதில்லை. ஒரு நாள் அது ஓட மறுத்து, குளியலறைத் தரையில் கறுத்துப் பெருகி நிற்கும்போதுதான், "யாரையாவது கூப்பிடுங்கள்!" என்று பதறுகிறோம்.

யார் அந்த 'யாரோ' என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் அசட்டையாக வடிகாலுக்குள் விடும் ஒவ்வொரு பொருளையும், என்றேனும் ஒரு நாள், மற்றொரு மனிதர் தம் கையால் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் அவர் அதற்குத் தம் உயிரையே விலையாகத் தந்துவிடுகிறார். ஆகவே வடிகால் அடைப்பு என்பது துர்நாற்றத்தையும் அசௌகரியத்தையும் மட்டும் பொறுத்த செய்தியன்று. அடைப்பு ஏன் உண்டாகிறது, எங்கே உண்டாகியிருக்கிறது என்று கண்டறிவது எவ்வாறு, வராமல் காப்பது எவ்வாறு என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது கடமையாகும்.

நீர் செல்லும் பாதை

கழிவுநீர் வழியும் இடத்துக்கு அங்கணம் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். திருவள்ளுவரும் அவையறிதல் அதிகாரத்தில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். சிந்துவெளியின் மொகஞ்சதாரோ நகரில் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே தெருவோரமாகச் செங்கல் வடிகால் அமைத்து, அதனை மூடி, மண்டி தங்குவதற்கு இடையிடையே குழிகளும் வைத்திருந்தனர். வடிகால் என்றால் அது மூடியிருக்க வேண்டும். ஆனால் வேண்டும்போது திறக்கவும் கூடியதாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று அழகுக்காகச் சேம்பர் மூடியின் மேல் ஓடு பதித்து மறைத்துவிடும் நம்மில் சிலர் அதனை மறந்துவிட்டோம்!

இக்காலத்து வீட்டில் நீரின் பாதை பெரும்பாலும் இவ்வாறு அமைந்திருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் துளையிட்ட சல்லடை ஒன்று உண்டு. அதற்குக் கீழே குழாய் நேராக இறங்காமல் ஒரு வளைவாகவோ, சிறு கிண்ணமாகவோ அமைந்திருக்கும். குழாய்ப் பணியாளர்கள் இதனை 'டிராப்' என்பர். குளியலறைத் தரையிலும், மலக்கூடப் பீங்கானிலும் இதே அமைப்பு உண்டு. இந்த வளைவில் ஏறத்தாழ 2 அங்குல உயரத்துக்கு எப்போதும் நீர் தேங்கி நிற்கும். அந்நீரே காவலாளி. உள்ளிருக்கும் நாற்றக் காற்றும் பூச்சிகளும் வீட்டுக்குள் நுழையாதபடி தடுப்பது அதுதான். இலண்டன் மாநகரில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர், 1775-ஆம் ஆண்டில் இத்தகைய வளைவுடன் கூடிய மலக்கூட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அதே வளைவுதான் நம் இல்லங்களைக் காத்து வருகிறது.

வளைவைத் தாண்டிய நீர் சுவரோரக் குழாய் வழியாக இறங்கி, வெளியே உள்ள சிறு தொட்டிக்கும், அங்கிருந்து சேம்பருக்கும் செல்கிறது. குழாய்கள் கூடும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் ஒரு சேம்பர் இருத்தல் வேண்டும். கடைசிச் சேம்பரிலிருந்து, நகரமாயின் தெருவின் பாதாளச் சாக்கடைக்கும், அவ்வசதி இல்லாத ஊராயின் செப்டிக் டேங்க் என்று நாம் வழங்கும் கழிவுத் தொட்டிக்கும் நீர் போய்ச் சேரும்.

இந்தப் பயணம் முழுவதும் நீரைத் தள்ளுவதற்கு எந்த இயந்திரமும் இல்லை. சரிவு ஒன்றே அதற்குத் துணை. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு வேண்டும் என்பது கட்டடத் துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. அதாவது 10 அடி நீளத்துக்கு 3 அங்குல இறக்கம். மண் அமுங்கிக் குழாயின் நடுப்பகுதி தாழ்ந்துவிட்டால் அங்கே நீர் தேங்கும். நீர் தேங்கும் இடத்தில் மண்டி படியும். எத்தனை முறை குத்திவிட்டாலும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அடைப்பு வருமாயின், குற்றம் பெரும்பாலும் நம் பழக்கத்தில் இல்லை, குழாயின் சரிவில் இருக்கிறது என்று உணரலாம்.

அடைப்பை உண்டாக்குபவை

அடைப்பு ஒரே நாளில் உருவாவது அரிது. அது நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்வது.

சமையலறைக் குழாயின் முதற்பகை கொழுப்பாகும். குழம்புச் சட்டியில் ஒட்டிய எண்ணெய், நெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவை சூடாக இருக்கும்போது நீராகவே தோன்றும். குழாயின் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அது மட்டுமன்று. கொழுப்பு சிதைந்து தோன்றும் அமிலங்கள் கழிவுநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு கூடி, சோப்பைப் போன்ற கெட்டிப் பொருளாக மாறுகின்றன. இது எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்பதற்கு இலண்டனே சாட்சி. 2017-ஆம் ஆண்டில் அந்நகரின் ஒயிட்சாப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் ஒரு கொழுப்புப் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். எடை ஏறத்தாழ 130 டன்! வீடுகளிலும் உணவகங்களிலும் ஊற்றிய எண்ணெயும், கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்புத் தாள்களும் கூடி உருவானது அது. தொழிலாளர்கள் வாரக்கணக்கில் பாடுபட்டு அதனை உடைத்து அகற்றினர்.

நம் சமையலறைக்கே உரிய வேறு சில பகைகளும் உண்டு. வடித்த கஞ்சியும், மாவரைக்கும் கல்லைக் கழுவிய நீரும் குழாயில் தங்கினால் பசையாகிவிடும். தேயிலைச் சக்கையும் காப்பித்தூளும் அப்பசையில் ஒட்டும். பாத்திரம் தேய்க்கும் சாம்பலும் மணலும் நீரோடு செல்லாமல் வளைவின் அடியில் படிந்துவிடும். தேங்காய் நாரும், கம்பித் தேய்ப்பானிலிருந்து உதிரும் இழைகளும் வலைபோல் நின்று மற்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் செதிலைச் சொல்லவே வேண்டாம்.

குளியலறையில் அடைப்புக்குக் காரணம் தலைமுடி. முடி தனியே இருந்தால் தீங்கு சிறிது. எண்ணெய்க் குளியல், சீயக்காய்த் தூள், சோப்பு ஆகிய மூன்றும் அதனோடு சேரும்போது கயிறாகத் திரிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புச்சுவையுடன் கடினமாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைப்பதற்கு மாறாக வெண்ணிறக் கசடாகத் திரிவதைக் காண்கிறோம். அந்தக் கசடும் குழாய்க்குள்தான் செல்கிறது. ஷாம்பு வாங்கி வரும் சிறு பொட்டலத்தைக் கிழித்துத் தரையில் போட்டுவிடுவது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். அந்தக் கட்டைவிரல் அளவு நெகிழித் துண்டு, குழாயின் வாயைக் கதவுபோல் அடைத்துவிடப் போதுமானது.

மலக்கூடத்தில் கரையாத எதுவும் விழக்கூடாது. மாதவிலக்குத் துணி, அணையாடை, பஞ்சு, ஈரத் துடைப்புத் தாள் ஆகியவை நீரை உறிஞ்சி ஊதுமேயன்றிக் கரைவதில்லை. வளர்ந்த மகள்கள் உள்ள இல்லத்தில் குளியலறையில் மூடியுள்ள கூடை ஒன்றும் பழைய செய்தித்தாளும் வைத்துவிட்டால் இச்சிக்கல் தீர்ந்தது. வைப்பதற்குக் கூச்சப்பட்டு, பின்னர் அயலார் ஒருவர் வந்து கையால் எடுக்கும்படி விடுவது எவ்விதத்திலும் முறையன்று.

இவை தவிர, மரத்தின் வேர்களும் உண்டு. குழாயின் இணைப்பில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தால் போதும். ஈரத்தை நாடி வேர் உள்ளே நுழைந்து, பின் பருத்து, குழாய் நிறையத் தாடிபோல் படர்ந்துவிடும். அரசும் ஆலும் வேம்பும் உள்ள மனைகளில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடைப்பு எங்கே இருக்கிறது?

நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் மருந்து எழுதுவதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார். நாமும் அவ்வாறே செய்ய வேண்டும்.

முதற் கேள்வி: நீர் தேங்குவது ஓரிடத்தில் மட்டுமா, பல இடங்களிலா? சமையலறைத் தொட்டியில் மட்டும் நீர் நின்று, குளியலறையிலும் மலக்கூடத்திலும் ஒழுங்காகச் சென்றால், அடைப்பு அத்தொட்டியின் வளைவிலோ அதனை அடுத்த குழாயிலோ இருக்கிறது. எல்லா இடங்களிலும் தேங்கினால், அவை யாவும் கூடும் பொதுக் குழாயில் இருக்கிறது. பொதுக்குழாய் அடைபட்டால் மிகத் தாழ்ந்த வாயிலின் வழியே முதலில் நீர் மேலேறும். மாடியில் குளித்த நீர் கீழ்வீட்டுக் குளியலறைத் தரையில் பொங்குவது இதனாலேயே.

இரண்டாம் கேள்வி: மெல்ல மெல்ல வந்ததா, திடீரென வந்ததா? வாரக்கணக்கில் நீர் இறங்குவது தாமதப்பட்டு வந்திருந்தால் அது கொழுப்பும் முடியும் செய்த வேலை. நேற்று வரை நன்றாக இருந்து இன்று அடியோடு நின்றுவிட்டால், ஏதோ ஒரு பொருள் உள்ளே விழுந்திருக்கிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களை அதட்டாமல் கேட்டுப் பாருங்கள். காணாமற்போன விளையாட்டுப் பொருள் எங்கே என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: ஒலி கேட்கிறதா? மலக்கூடத்தில் நீர் ஊற்றும்போது குளியலறைத் துளையில் 'களகள'வென்று குமிழி எழுந்தால், இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் அடைப்புத் தொடங்கிவிட்டது என்பதன் முன்னறிவிப்பு அது. கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றுக் குழாயின் வாயில் பறவை கூடு கட்டியிருந்தாலும் இதே ஒலி எழும்.

நான்காம் கேள்வி: மழையின்போது மட்டும் வருகிறதா? ஆம் எனில், மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் விட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். சிறு குழாய் அத்தனை நீரைத் தாங்காது. அதோடு தெருச் சாக்கடையும் நிரம்பி, பிறர் வீட்டுக் கழிவும் நம் வாசலில் பொங்கும்.

ஐந்தாம் கேள்வி: அடைப்பு இல்லை, நாற்றம் மட்டும் வருகிறதா? நெடுநாள் புழங்காத குளியலறையில் வளைவில் நின்ற காவல்நீர் வற்றிப்போயிருக்கும். ஒரு செம்பு நீர் ஊற்றினால் போதும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியதும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இவற்றுக்குப் பின்னும் ஐயம் இருந்தால், சேம்பர் சோதனை செய்யலாம். வீட்டுக்கு அருகில் உள்ள சேம்பரின் மூடியைத் திறந்து, சற்று விலகி நின்று, சிறிது நேரம் காற்றாடவிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நீர் தேங்கியிருக்க, சேம்பர் வெறுமையாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் இடையே இருக்கிறது. சேம்பரும் நிரம்பி வழிந்தால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. அடுத்தடுத்த சேம்பர்களையும் இவ்வாறே பார்த்து வந்தால், நிரம்பிய கடைசிச் சேம்பருக்கும் வெறுமையான முதற் சேம்பருக்கும் இடையில் அடைப்பு அகப்பட்டுக்கொள்ளும்! எல்லாமே நிரம்பியிருந்தால், தெருச் சாக்கடையோ கழிவுத் தொட்டியோதான் காரணம். தெருச் சாக்கடையாயின் நாம் தனியாரை அழைத்துக் குத்தச் சொல்லலாகாது. உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பார்த்து முடிந்ததும் மூடியைச் சரியாகப் பொருத்துங்கள். பாதி திறந்த மூடி குழந்தைகளுக்கு எமன்.

கைவசமே உள்ள வைத்தியம்

அடைப்பு வீட்டுக்குள் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் நாமே அகற்றிவிடலாம். கையுறை ஒன்றும் பழைய வாளி ஒன்றும் இருந்தால் போதும்.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் கிண்ண வடிவ டிராப் இருந்தால், கீழே வாளியை வைத்து அதனைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே படிந்த கசட்டை எடுத்துக் குப்பையில் போடுங்கள். கழற்றிய கிண்ணத்தை அதே தொட்டியில் கழுவ முற்படாதீர்கள். கீழே குழாய் திறந்து கிடப்பதை மறந்து, தரையெங்கும் நீராக்கியோர் பலர். ரப்பர் வளையத்தைத் தவறாமல் மீண்டும் வைத்துத் திருக வேண்டும். குளியலறையிலும் தரைச் சல்லடையைத் தூக்கி, உள்ளிருக்கும் குப்பியை எடுத்து, முடியை அகற்றினால் பெரும்பாலான அடைப்புகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அவ்வாறு தீராவிடில், கைப்பிடியில் ரப்பர்க் கிண்ணம் கவிழ்த்த அமுக்கியைப் பயன்படுத்தலாம். ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவு நீர் இருக்க வேண்டும். காற்றை அமுக்குவதால் பயனில்லை. தொட்டியின் மேற்புறத்தில் வழிதுளை இருந்தால் அதனை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் 15 அல்லது 20 முறை சீராக அமுக்கி இழுத்து, இறுதியில் வெடுக்கென்று எடுக்க வேண்டும். அமுக்குவதைப் போலவே இழுப்பதும் அடைப்பை அசைக்கிறது. மலக்கூடம் அடைபட்டிருந்தால், "இன்னும் ஒரு வாளி ஊற்றினால் போய்விடும்" என்ற எண்ணம் வேண்டாம். அந்த ஒரு வாளிதான் வெளியே வழிந்தோடும்.

அதற்கும் மசியாத அடைப்புக்குச் சுருள் கம்பி வேண்டும். தடை தட்டுப்படும் இடத்தில் மூர்க்கமாகக் குத்தாமல், கம்பியைச் சுழற்றிச் சிக்கவைத்து வெளியே இழுப்பதே முறை. குத்தித் தள்ளிய பொருள் அடுத்த வளைவில் போய் அமர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் குழாயில் கொதிநீரைக் கொட்டலாகாது. அவ்வெப்பத்தில் குழாய் இளகி வளையும், இணைப்பும் விடும். கை பொறுக்கும் சூட்டில் நீரை ஊற்றினாலே உறைந்த எண்ணெய் இளகும். சமையற்சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரை பொங்குவது காண்பதற்கு நன்று. ஆயின் அவை ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் பழைய அடைப்பைக் கரைக்கும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு.

அமிலம் வேண்டாம்

கடையில் மலிவாகக் கிடைக்கும் அமிலத்தையோ காரத் தூளையோ கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போர் பலர். இதில் மும்மடங்கு ஆபத்து உண்டு. காரத் தூள் நீருடன் சேரும்போது கடுஞ்சூடு உண்டாகி, முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும். கண் பார்வையே போகக்கூடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அமிலத்தை ஊற்றினால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். சிறிய குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதனைச் செய்தவர் மூச்சுத்திணறி விழுவது உறுதி. மூன்றாவது, அமிலமும் காரமும் கழிவுத் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். கழிவைச் செரிக்க வைப்பவை அந்நுண்ணுயிர்களே.

காரத்தை ஊற்றியும் அடைப்பு விடாமல், பின்னர் குழாய்ப் பணியாளரை அழைத்தால், உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்பதை அவர் கை வைக்கும் முன் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வளைவைக் கழற்றும் அவர் முகத்தின் மீதுதான் அந்நீர் கொட்டும்.

கழிவுத் தொட்டியும் மனித உயிரும்

செப்டிக் டேங்க் ஒருமுறை கட்டிவிட்டால் ஆயுள் முழுவதும் தானே பார்த்துக்கொள்ளும் என்பது தவறான நம்பிக்கை. அதற்குள் கனமான மண்டி அடியில் தங்கும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும். இடைப்பட்ட நீர் மட்டும் வெளியேறும். மண்டி வளர வளர நீருக்கு இடம் குறைந்து, கசடே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். பின்னர் வீட்டின் எல்லா வாயில்களும் ஒருசேர நின்றுவிடும். எனவே 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை, நிரம்பி வழியும் வரை காத்திராமல், உறிஞ்சு வண்டியை வரவழைத்து மண்டியை அகற்ற வேண்டும். மூடி எங்கே இருக்கிறது என்பது வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது எளிதில் திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

ஆனால் எக்காரணம் கொண்டும் அத்தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது. அங்கே உயிர்வளி குறைந்திருக்கும். ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று நிறைந்திருக்கும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றத்தால் அதனை அறியலாம்; அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே அது மழுங்கச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது" என்று எண்ணி ஒருவர் இறங்குகிறார். சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும், மூன்றாமவரும் அவ்வாறே மடிகின்றனர். ஒரே தொட்டியில் இருவர் மூவராக உயிர்கள் போவது இதனாலேயே. மீத்தேன் என்னும் எரிகாற்றும் அங்கே உண்டு. ஆகவே மூடியைத் திறக்கும் இடத்தில் தீக்குச்சியோ பீடியோ கூடாது.

2013-ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இன்றிச் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இது நகராட்சிக்கு மட்டும் உரிய சட்டம் என்று எவரும் எண்ண வேண்டாம். கூலி பேசித் தம் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். முதற் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்பணியில் இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கும்படி தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் மரணங்கள் ஓய்ந்தபாடில்லை. அவை மிகுந்த மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று என்பதை அரசுக் கணக்குகளே காட்டுகின்றன.

ஆகவே, "ஆளை இறக்கினால் மலிவாக முடியும்" என்று எவரேனும் யோசனை சொன்னால், அதனை உறுதியாக மறுத்துவிடுங்கள். உறிஞ்சு வண்டிக்கும் உதவிக்கும் 14420 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அல்லது உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தை அணுகலாம்.

வராமல் காக்கும் நெறிகள்

அடைப்பை அகற்றுவதைவிட வராமல் தடுப்பது எளிது, செலவும் சிறிது. இல்லத்தில் அனைவரும் பின்பற்றத்தக்க நெறிகளைக் கீழே தொகுத்துத் தருகிறோம்.

1. உண்ட தட்டையும் எண்ணெய்ச் சட்டியையும் கழுவும் முன், பழைய தாளாலோ வாழையிலைத் துண்டாலோ வழித்துக் குப்பையில் இடுங்கள். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

2. தொட்டியிலும் குளியலறைத் தரையிலும் நுண்துளைச் சல்லடை பொருத்தி, நாள்தோறும் அதில் சேர்வதை எடுத்துவிடுங்கள். நீர் விரைவாக இறங்க வேண்டும் என்று சல்லடையை எடுத்து ஓரமாக வைப்பது பெருந்தவறு.

3. தேயிலைச் சக்கை, காய்கறித் தோல், மீன் கழிவு ஆகியவற்றைச் செடிக்கு உரமாக்குங்கள். கஞ்சியைக் கால்நடைக்கு வையுங்கள்.

4. தலைவாரி உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கூடையில் போடுங்கள். ஷாம்புப் பொட்டலத்துக்கும் அதுவே இடம்.

5. மலக்கூடத்தில் கழிவும் நீரும் அன்றி வேறெதுவும் செல்லலாகாது. வீட்டுக்கு வரும் விருந்தினரும் அறியும்படி கூடையைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

6. வாரத்துக்கு ஒரு நாள், சமையலறைத் தொட்டியில் கைபொறுக்கும் சூட்டில் நீரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அந்த வேகம் குழாயைக் கழுவிச் செல்லும்.

7. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேம்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியில், இதனைக் கட்டாயம் செய்யுங்கள். காற்றுக் குழாயின் வாயில் வலை இருக்கிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

8. வீட்டின் குழாய்கள் செல்லும் வழி, சேம்பர்கள் உள்ள இடம், கழிவுத் தொட்டியின் மூடி, அது கடைசியாகச் சுத்தம் செய்யப்பட்ட ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வாடகை வீடாயின் வீட்டு உரிமையாளரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு நாம் பல பாடங்களைக் கற்பிக்கிறோம். தம் தட்டில் மிஞ்சியதைத் தாமே வழித்தெடுக்கவும், குளித்தபின் தாம் உதிர்த்த முடியைத் தாமே அகற்றவும் கற்பித்தால், அது வெறும் துப்புரவுப் பாடமாக நின்றுவிடாது. தான் விட்டுச் செல்லும் அழுக்கைச் சுமக்க மற்றொருவர் பிறக்கவில்லை என்பதை அப்பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும். குழாய்ப் பணிக்கும் துப்புரவுப் பணிக்கும் வரும் மனிதரை 'ஏய்' என்று அழைக்காமல், 'ஐயா, அண்ணா' என்று அழைத்து, கைகழுவச் சோப்பும் குடிக்கத் தண்ணீரும் நம் வீட்டுக் குவளையிலேயே கொடுப்பதைப் பிள்ளைகள் காணட்டும். பேசிய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள்.

சமையலறைத் தொட்டியின் சல்லடை விலை மிகச் சிறிது. எங்கோ ஒரு வீட்டில் தந்தை மாலையில் உயிரோடு திரும்பி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகக்கூடும். அந்த எண்ணத்தோடு அதனை நாள்தோறும் கழுவி, மீண்டும் அதன் இடத்தில் வைப்போமாக.